ஓட்டுப் போட இன்றே கடைசி

பாட்டு ஓட ஆரம்பித்தால் நாலு நிமிஷம் பத்து நொடி. அதுவரை ரெஜினா சிரிக்க வேண்டியதில்லை. கன்னத்தைத் தளர்த்திக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷமாகச் சிரித்த கன்னம், சும்மா விட்டால் இப்போதெல்லாம் கீழே இறங்கி இழவு வீட்டுக்குக் கிளம்புகிறவளின் முகமாக ஆகிவிடுகிறது. அதை ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற அப்பளக் கம்பெனிக்காரன் பார்த்துத் தொலைக்கப் போகிறான் என்று தோன்றியதும் மறுபடி தூக்கி வைத்துக்கொண்டாள். மணி நாலு ஏழு. நேரலை தொடங்கி ஏழு நிமிஷம். மேஜை மேல் இருக்கும் போன் மணி அடிக்காது, யாராவது கூப்பிட்டால் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். ஏழு நிமிஷமாக எரியவில்லை. அதைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அவனும் பார்ப்பான். ஆனால் கண் அங்கேதான் போகிறது, பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதுபோல. அவனுக்கு ஹரீந்திரன் என்று பேர். முப்பது வயசு இருக்கும், மார்க்கெட்டிங் மேனேஜராம். கையில் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் இருக்கிறது, ஆனால் பேனாவைத் தொடவில்லை, செல்போனைத்தான் தடவிக்கொண்டிருக்கிறான். போன வாரம் வந்தபோது ரொம்ப மரியாதையாகத்தான் பேசினான். "மேடம், உங்க விருது விழாவை யாராவது பாக்கறாங்களான்னு எனக்குத் தெரியணும். ரிப்போர்ட்லாம் வேணாம். ஓட்டுப் போடற கடைசி நாள் நேர்ல வந்து ஒரு அரை மணி நேரம் உக்காந்துக்கறேன். ஜனங்க போன் பண்றாங்கன்னா அங்கேயே சைன் பண்ணிடறேன்" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். சைன் பண்ணினால் பத்தொன்பதாவது சுதி விருதுகள் நடக்கும். பண்ணாவிட்டால் விழா இல்லை. விழா இல்லாவிட்டால் இந்த அரை மணி நேர நேரலையும் இல்லை என்று மேலிடத்தில் சொல்லியாகிவிட்டது. அப்புறம் சுதி டிவியில் இருபத்து நாலு மணி நேரமும் கம்ப்யூட்டரே பாட்டுப் போட்டுக்கொள்ளும், நடுவில் வந்து வணக்கம் சொல்ல ஒரு முகம் தேவைப்படாது. நாற்பத்தேழு வயசில் வணக்கம் சொல்வதைத் தவிர எனக்கு என்ன தெரியும் என்று ரெஜினா தன்னையே கேட்டுக்கொண்டாள். பாட்டில் முதல் சரணம் முடிந்திருந்தது.

போன் வராததில் அதிசயம் ஒன்றும் இல்லை. நிஜமாக ஒரு போன் வந்து ஏழு வருஷம் இருக்கும். அதற்காக நிகழ்ச்சி நின்றுவிடுமா என்ன? மேக்கப் போடும் பேபி அக்கா பக்கத்து ரூமிலிருந்து தாராபுரம் ஷகிலாவாகவும் கரூர் கவிதாவாகவும் பேசுவாள். டிரைவர் மோசஸ் ஆம்பளை ஆள் எல்லாருமாகப் பேசுவான். ஆரம்பத்தில் கூசியது, பிறகு பழகிவிட்டது. இன்றைக்குத்தான் சிக்கல். பக்கத்து ரூமிலிருந்து பேசினால் கம்பெனிக்காரனுக்குக் கேட்டுவிடும், அதனால் இரண்டு பேரையும் புதுசாக ஆளுக்கொரு சிம் கொடுத்து வெளியே அனுப்பியாகிவிட்டது. மோசஸ் வண்டிக்குள், பேபி அக்கா முனைக் கடை டீ பெஞ்சில். கூப்பிடுகிற நம்பர் தயாரிப்பாளர் கோதண்டம் சார் முன்னால்தான் தெரியும், ரெஜினாவுக்குத் தெரியாது. வழக்கமாக நம்ம ஆள் என்றால் அவர் கை விரலை மடக்கிக் காட்டுவார். இன்றைக்கு அந்த மனுஷன் பக்கத்திலேயே கம்பெனிக்காரன் உட்கார்ந்திருக்க, விரலை எங்கே மடக்குவது? அதனால் ஒரு ஏற்பாடு. போட்டியில் ஐந்து பாட்டு. யார் நாலாம் நம்பர் பாட்டுக்கு ஓட்டுப் போடுகிறாரோ அவர் நம்ம ஆள். இதில் இரட்டை லாபம் வேறு, ஏனென்றால் ஜெயிக்கப் போவதே நாலாம் நம்பர்தான். மற்ற நாலு பாட்டுக்காரர்களும் விழாவுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள், இந்த ஒருத்தர்தான் குடும்பத்தோடு வருகிறேன் என்றிருக்கிறார். வருகிறவருக்கு விருது. அது எல்லாருக்கும் தெரிந்த நடைமுறை, வாங்குகிறவருக்கும் தெரியும். கொடுக்கிறவள் மட்டும் உறையைப் பிரிக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்து, கண்ணை அகல விரித்து, ஆச்சரியப்பட வேண்டும். பத்து வருஷமாக ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.

விளக்கு எரிந்தது. பாட்டு முடிந்ததும் எடுத்தாள். "வணக்கம்! சுதி விருதுகள், ஓட்டுப் போட இன்றே கடைசி! யார் பேசறீங்க?" மோசஸ் நாகர்கோவில் செல்லையாவானான். பன்னிரண்டு வருஷமாக முயற்சி பண்ணி இன்றைக்குத்தான் லைன் கிடைத்தது என்றான். அத்தை, சித்தப்பா, கடையில் வேலை பார்க்கும் நண்பர்கள், தன்னைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் நாலாம் நம்பர் பாட்டைக் கேட்டான். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. பாட்டைப் போட்டுவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். ஹரீந்திரன் தலையை நிமிர்த்தவே இல்லை. உதட்டோரம் ஏதோ ஒன்று, சிரிப்பா, சலிப்பா? தெரிந்துவிட்டதோ? பஸ் ஹாரன் நாகர்கோவில் பஸ் மாதிரி இல்லையோ? நாகர்கோவில் பஸ்ஸுக்கு என்ன தனி ஹாரனா இருக்கப் போகிறது, பைத்தியம். இல்லை, அந்தப் பன்னிரண்டு வருஷம்தான். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. போன் வராத சேனலில் லைன் கிடைக்கவில்லை என்று சொன்னால் குழந்தைகூடச் சிரிக்கும். ஆனால் ஒரு காலத்தில் அது நிஜம். இந்த வரியை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை, ஜனங்கள்தான் சொன்னார்கள், அழுதுகொண்டே சொன்னார்கள். திண்டிவனத்தில் ஒரு பெண் விரலில் கட்டுப் போடுமளவுக்கு நம்பர் அடித்ததாகச் சொன்னாள். அப்பா வருவதற்குள் பேச வேண்டும் என்று ரகசியக் குரலில் பேசுவார்கள், "அய்யோ வராரு, வெச்சுடறேன்" என்று பாதியில் வைத்துவிடுவார்கள். அதெல்லாம் எவ்வளவு சந்தோஷமான பயம். முதல் விருது விழா தீவுத்திடலில். பச்சைக் கலர் லெஹங்கா, ஒரு கிலோ ஜரிகை. மேடையில் அவள் பேரைச் சொன்னதும் எழுந்த சத்தத்தில் மைக் கீச்சிட்டது. தடுப்புக் கட்டை சாய்ந்து போலீஸ் வந்தது. மறுநாள் பேப்பரில் அவள் படம், பாதி முகத்தைப் பாடகரின் தோள் மறைத்திருந்தது, இருந்தாலும் அம்மா அதை வெட்டி பீரோ கதவில் ஒட்டினாள். போன வருஷ விழா வளசரவாக்கம் கல்யாண மண்டபத்தில். நர்ஸிங் காலேஜ் பெண்களை வேன் வைத்து அழைத்து வந்தார்கள். மேடையில் ஒருத்தரும் ஏறுவதற்கு முன்பே, காலி மேடையைப் பார்த்து அவர்களைக் கைதட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார்கள். "இப்ப சிரிங்க. இப்ப அழற மாதிரி கண்ணைத் துடைங்க. இப்ப எழுந்து நின்னு தட்டுங்க." பிள்ளைகள் நன்றாகத்தான் தட்டினார்கள். நாலு மணிக்கு வேன் கிளம்பிவிட்டது. விழா ஐந்து மணிக்குத் தொடங்கியது. அவள் காலி நாற்காலிகளைப் பார்த்து "இந்தக் கரவொலி போதுமா?" என்று கேட்டாள். டிவியில் பார்த்தபோது அந்த இடத்தில் இடி மாதிரிக் கைதட்டல் கேட்டது, அவளுக்கே ஒரு கணம் புல்லரித்தது. வெட்கமாக இல்லையா உனக்கு என்று கூடப் பிறந்த அக்காவின் மகள் கேட்டாள். அவள் செல்போனிலேயே பாட்டு, படம், விருது எல்லாம் முடித்துக்கொள்கிறவள். வெட்கமாகத்தான் இருக்கிறது. அதற்காக நாளைக்குக் காலையில் எழுந்து நான் எங்கே போவேன்?

நாலு பதினேழு. விளக்கு எரிந்தது. அப்பாடா, பேபி அக்கா. தாமதம்தான், இருந்தாலும் வந்தாளே. ரெஜினா சிரிப்பை ஏற்றிக்கொண்டு எடுத்தாள்.

"வணக்கம்! சுதி விருதுகள், ஓட்டுப் போட இன்றே கடைசி! யார் பேசறீங்க?"

"அலோ." அவ்வளவுதான். பிறகு மூச்சு.

"சொல்லுங்க, உங்க பேர், ஊர்?"

"கொளஞ்சிங்க. பெண்ணாடம் பக்கம்."

அட, புதுப் பேர். ஷகிலாவையும் கவிதாவையும் விட்டுவிட்டு இதை எங்கே பிடித்தாள்? பரவாயில்லை, நன்றாக இருக்கிறது. "டிவி வால்யூமைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க கொளஞ்சி!"

"கொறைக்க முடியாதுங்க. டிவி சத்தம் நின்னா வெளில தெரிஞ்சிரும்."

"ஓகோ, வீட்டுக்குத் தெரியாம போன் பண்றீங்களா! ரொம்ப வருஷமா ட்ரை பண்றீங்களா?"

"இல்லிங்க. இப்பதான் மொத தடவ. அடிச்சதும் எடுத்துட்டிங்க."

பேபி அக்கா! அவன் முன்னாலா இதைச் சொல்ல வேண்டும்? "அப்ப நீங்க ரொம்ப அதிர்ஷ்டசாலி கொளஞ்சி! எந்தப் பாட்டுக்கு உங்க ஓட்டு?"

"ஏதோ ஒன்னு. இப்ப பாடுச்சே, அது."

"நாலாம் நம்பர்! சூப்பர்!"

"ஏங்க, இது எங்க மாமியா போனு. சார்ஜுல போட்டுட்டு ஆடு ஓட்டப் போயிருக்கு. எனக்கு யாரு நம்பரும் மனப்பாடமா தெரியாது. டிவியில கீழ ஓடுதே, இந்த நம்பருதான் கண்ணு முன்னால கெடக்கு. அதான் அடிச்சன்."

"பாத்தீங்களா நேயர்களே, எங்க நம்பர் எப்பவும் உங்க கண் முன்னால!"

"எனக்கு ஒரு ஒதவி செய்யணுங்க. என்னிய இங்க—"

"உதவியா? பாட்டுதானே வேணும், போட்டுட்டா போச்சு!" போதும் அக்கா, சீரியலாகப் போய்க்கொண்டிருக்கிறது. "யார் யாருக்கெல்லாம் டெடிகேட் பண்றீங்க?"

ரொம்ப மெதுவாக, "யாரும் இல்லிங்க" என்றது குரல்.

"எல்லாருக்குமாம்! அவ்வளவு பெரிய மனசு நம்ம கொளஞ்சிக்கு! இதோ உங்களுக்காக!" பட்டனைத் தட்டினாள். விளக்கு அணைந்தது, பாட்டு தொடங்கியது.

ஐந்து நிமிஷப் பாட்டு. ரெஜினா தண்ணீர் குடித்தாள். பேபி அக்கா மேல் கோபம். பத்து வருஷமாக முயற்சி பண்ணுகிறேன் என்று சொல் என்றால் அடித்ததும் எடுத்துவிட்டீர்கள் என்கிறாள். ஆடு ஓட்டுகிற மாமியார் வேறு, டிவி சத்தம் வேறு, உதவி வேறு. யார் கேட்டது இதையெல்லாம்? காதில் இருந்த இயர்பீஸ் கரகரத்தது. கோதண்டம் சார். அவர் குரலில் இப்படி ஒரு உற்சாகத்தைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று. "ரெஜி, சார் ரொம்ப ஹாப்பி. அந்த லேடி கால் அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இந்த மாதிரி எமோஷன்தான் வேணும்ங்கறார். சைன் பண்றேன்னுட்டார். அந்தத் துண்டை மட்டும் வெட்டி இன்னைக்கே நெட்ல போடணுமாம், லட்சக்கணக்குல போகும்ங்கறார்." ரெஜினா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஹரீந்திரன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். சந்தோஷம் வந்தது, பொய் சொல்வானேன், கண்ணில் தண்ணீர் நிற்குமளவுக்கு வந்தது. விழா உண்டு. நாலு மணி உண்டு. நாளைக் காலையில் எழுந்தால் போக இடம் உண்டு. பேபி அக்காவுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுக்க வேண்டும். மகராசி, என்னமாய்ப் பேசினாள். அந்த ஊர்ப் பேச்சை எங்கே கற்றாள்? அடிச்சன். அடிச்சேன் இல்லை, அடிச்சன். பேபி அக்கா பட்டணத்துச் சூளையில் பிறந்து சூளையிலேயே வளர்ந்தவள், திருத்தணிக்கு அப்பால் போனதில்லை. கரூர் கவிதாவாகப் பேசும்போதும் சூளைக் கவிதாவாகத்தான் பேசுவாள், "இன்னா பாட்டு போடுவீங்கோ" என்பாள், அதை மறைக்கத்தான் ரெஜினா குறுக்கே குறுக்கே பேசுவது வழக்கம். இருக்கட்டும், பெஞ்சில் பக்கத்தில் யாராவது அந்த ஊர்க்காரி உட்கார்ந்திருப்பாள், அவளிடம் போனைக் கொடுத்திருப்பாள். அப்படித்தான் இருக்கும். அப்படி இருந்தால் கொளஞ்சி என்ற பேரும் சரியாகிவிடுகிறது. எல்லாம் சரியாகிவிடுகிறது. பாட்டில் யாரோ மழையில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் சத்தம். அதை நினைக்கக் கூடாது என்று நினைத்ததும் அதுவே வந்து நின்றது. குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் இருந்தது. "டிவி வால்யூமைக் குறைச்சுக்குங்க" என்று சொன்னபோது, கொஞ்சம் கழித்து, போனுக்குள்ளிருந்து அவளுடைய குரலே "குறைச்சுக்குங்க" என்றது. ஸ்டுடியோவில் பேசுவது வானத்துக்குப் போய் இறங்கி டிவியில் கேட்க அந்த இடைவெளி ஆகும். பழைய நாட்களில் அதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருந்தது. அதனால்தான் அந்த வரியையே எல்லாரிடமும் சொல்வது. பேபி அக்கா பேசும்போது அது வராது, ஏனென்றால் பேபி அக்கா பக்கத்தில் டிவி ஓடாது. டீக்கடையில் டிவியே கிடையாது, போன தீபாவளிக்கே கழற்றிவிட்டார்கள். வால்யூமைக் குறையுங்கள் என்று இத்தனை வருஷமாகச் சொன்னது டிவியே இல்லாதவர்களிடம். இன்றைக்குத்தான் யாரோ டிவி முன்னால் நின்று பேசியிருக்கிறார்கள். சுதி டிவி ஓடுகிற டிவி முன்னால். அப்படியென்றால் அது நிஜம். நிஜமென்றால் மாமியார் நிஜம், சார்ஜில் கிடக்கும் போன் நிஜம். சத்தம் நின்றால் வெளியில் தெரிந்துவிடும் என்பது நிஜம். வெளியில் யார்? என்னிய இங்க. இங்க என்ன? அடைத்து வைத்திருக்கிறார்களா, அடிக்கிறார்களா, வேறு ஏதாவதா? அந்த வாக்கியத்தின் மேல்தான் ரெஜினா ஏறி உட்கார்ந்து சிரித்திருக்கிறாள். பாட்டுதானே வேணும். ஐயோ மாதாவே. யாருமில்லை என்று சொன்னதை எல்லாருக்குமாம் என்று ஊருக்குச் சொன்னாள். இல்லை, நாமாகக் கற்பனை பண்ணிக்கொள்கிறோம். பழைய நாட்களிலும் பெண்கள் இப்படித்தான் கிசுகிசுத்தார்கள், கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள், ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும்? பாதியில் வைத்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டாயா? "பாத்தீங்களா நேயர்களே" என்று அடுத்த லைனை எடுத்தாய். ஒரு வேளை அது பேபி அக்காவாகவே இருக்கட்டும். கர்த்தரே, அது பேபி அக்காவாகவே இருக்கட்டும், இனி வாழ்நாள் முழுக்கப் பொய்ப் போனே வரட்டும்.

ஸ்டுடியோக் கதவு திறந்தது. பேபி அக்கா. மூச்சு வாங்கியது, மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாள். கையில் போனை மல்லாத்திப் பிடித்திருந்தாள், செத்த எலியைப் பிடித்ததுபோல.

"ரெஜிம்மா, கோச்சுக்காத. இந்த சிம்மு எடுக்கவே இல்லம்மா. இருவது தடவ போட்டேன், சேவையில இல்லன்றான். டீக்கட அண்ணன் போனக் கேட்டேன், அது சார்ஜ் இல்லாம கீது. நானும் இன்னா பண்ணுவேன்?"

"நீ பேசவே இல்லையா அக்கா?"

"எங்க பேசறது? ஒரு தடவகூடக் கெடைக்கல."

"வேற யார்கிட்டயாவது கொடுத்துப் பேசச் சொன்னியா?"

"யாரான்ட குடுப்பேன்? ஏன், இன்னாச்சு? ஏன் மூஞ்சி இப்படிக் கெடக்குது? பவுடர் போட்டுடட்டா?"

பாட்டு முடிய ஒன்றரை நிமிஷம். ரெஜினாவின் மனம் அத்தனை வேகமாக எப்போதும் ஓடியதில்லை. நம்பர் கோதண்டம் சாரிடம் இருக்கிறது. திரும்பக் கூப்பிடலாம். கூப்பிட்டால் அது மாமியார் போன், அந்த அம்மா ஆடு ஓட்டிவிட்டுத் திரும்பியிருந்தால் அவள் கையில்தான் அடிக்கும். யார் நீ, எங்கள் வீட்டு நம்பர் உனக்கு எப்படி, இவள் போன் பண்ணினாளா? போதும், அப்புறம் அந்த வீட்டில் என்ன வேண்டுமானாலும் நடக்கும். டிவியில் பேரைச் சொல்லிக் கூப்பிடலாம். வெளியில் இருக்கிறவனுக்கும் கேட்கும். ஏற்கெனவே பேரைச் சொல்லியாகிவிட்டது, ஊரைச் சொல்லியாகிவிட்டது, அதுவும் போதாதென்று அந்தத் துண்டை வெட்டி லட்சம் பேருக்கு அனுப்பப் போகிறார்கள். அதில் ஒருத்தன் அவனாக இருப்பான். மைக்கை அழுத்தினாள். "சார், அந்தக் கால் நம்ம ஆள் இல்ல. நிஜம். அந்தப் பொண்ணு ஏதோ ஆபத்துல இருக்கா." சொன்ன பிறகுதான் உறைத்தது, நம்ம ஆள் என்ற வார்த்தையைக் கம்பெனிக்காரன் முன்னால் சொல்லிவிட்டோம் என்று. ஸ்பீக்கர் போட்டிருக்கிறார்கள். கண்ணாடிக்கு அப்பால் கோதண்டம் சார் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஹரீந்திரன்தான் குனிந்து மைக்கில் பேசினான், கோபமே இல்லாமல். "மேடம், செட்டப்புன்னு தெரிஞ்சுதான் நான் பிடிச்சிருக்குன்னு சொன்னேன். நிஜம்னா இன்னும் நல்லதாச்சே. உடனே போடச் சொல்லுங்க."

விருதில் யார் ஜெயிக்கிறார்கள், போன் நிஜமா பொய்யா, எதுவும் இவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. இவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? இந்த வித்தையை நாங்கள்தானே அவனுக்குக் கற்றுக்கொடுத்தோம். "கிளிப் போடக் கூடாது சார். நம்பரை எழுதி பேபி அக்காகிட்ட கொடுங்க. அக்கா, என் பையில என் போன் இருக்கு, ஒன்னு எட்டு ஒன்னு அடி, பொம்பளைங்களுக்குன்னு இருக்கற ஹெல்ப்லைன் அது. கொளஞ்சி, பெண்ணாடம் பக்கம், இந்த நம்பர்னு சொல்லு. நம்பரைத் திரும்பக் கூப்பிட வேணாம்னு சொல்லு, மறக்காத." பேபி அக்கா ஒரு கேள்வி கேட்கவில்லை, ஓடினாள். "சார், இன்னொன்னு. கீழ ஓடற நம்பரை எடுத்துட்டு அந்த ஒன்னு எட்டு ஒன்னைப் போடுங்க. அவளுக்கு வேற நம்பர் தெரியாது. டிவில ஓடறதுதான் தெரியும்."

"அது சாம்பிளுக்குன்னு இன்னைக்கு எங்க பேரோட ஓடற லைன் மேடம்" என்றான் ஹரீந்திரன். "ஓட்டுக்கு இன்னைக்குத்தானே கடைசி? அதை எடுத்துட்டா நான் எதுக்கு சைன் பண்ணணும்?" இப்போதும் மரியாதையாகத்தான் கேட்டான். கோதண்டம் சார் பாவம், அவருக்கு ரிட்டையராக மூன்று வருஷம் இருக்கிறது, மகளுக்கு இன்னும் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கை பட்டன்கள் மேல் இருந்தது. அடுத்த பாட்டை அவர் தட்டிவிட்டால் ரெஜினா தொலைந்தாள், ஸ்டுடியோவில் அவள் என்ன கத்தினாலும் வெளியே ஒரு எழுத்துப் போகாது. "பத்து நொடி" என்று மட்டும் இயர்பீஸில் சொன்னார். அதிலிருந்து அவர் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பத்து நொடியில் விழாவையும் நினைத்தாள், ஏன் நினைக்காமல், பச்சை லெஹங்காவை நினைத்தாள், நாளைக் காலையை நினைத்தாள். பயமாகத்தான் இருந்தது.

கேமரா மேல் சிவப்பு எரிந்தது. ரெஜினா சிரித்தாள். வெளியில் நிற்கிறவன் கேட்டாலும் சந்தேகப்படாத மாதிரி, ஏழு வருஷமாகச் சிரித்த அதே பொய்ச் சிரிப்பு.

"நேயர்களே, ஒரு முக்கியமான அறிவிப்பு. சுதி விருதுகளுக்கு ஓட்டுப் போடற நம்பர் மாறிடுச்சு. பழைய நம்பர்ல கூப்பிட்டப்ப நாங்க சரியா கேக்கல, அது எங்க தப்பு, மன்னிச்சுக்குங்க. புது நம்பர் ஒன்னு, எட்டு, ஒன்னு. மூணே மூணு நம்பர். மனப்பாடம் பண்ணவே வேணாம். யாரோட போன்லேருந்து வேணும்னாலும் அடிக்கலாம். பகல்லயும் எடுப்பாங்க, ராத்திரிலயும் எடுப்பாங்க. நீங்க பாட்டு பேர்கூடச் சொல்ல வேணாம். நீங்க எங்க இருக்கீங்க, உங்களுக்கு என்ன வேணும், அதை மட்டும் சொல்லுங்க. அவங்க நடுவுல பேச மாட்டாங்க."

எதிரே இருந்த மானிட்டரில் அவள் மார்புக்குக் கீழே இன்னமும் அப்பளக் கம்பெனியின் பேரும் பழைய நம்பரும்தான் ஓடிக்கொண்டிருந்தன. மற்ற நேயர்கள் ஓட்டுப் போடுவதாக நினைத்து ஒன்னு எட்டு ஒன்னை அடித்துவிடுவார்களோ என்ற கவலை அவளுக்கு வரவில்லை. மற்ற நேயர்கள் என்று யாரும் இல்லை. ஒருத்திதான் இருக்கிறாள், அவளும் இன்னும் டிவி முன்னால் நிற்கிறாளா என்று தெரியாது. எழுதப் படிக்கத் தெரியுமா என்பதுகூடத் தெரியாது, எண்களையாவது பார்த்து அடிக்கிறாள், அது போதும். "ஒன்னு, எட்டு, ஒன்னு" என்று மறுபடி சொன்னாள், ஒவ்வொரு எண்ணுக்கும் விரலைக் காட்டினாள். கண்ணாடிக்கு அப்பால் ஹரீந்திரன் எழுந்துவிட்டான், காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். கோதண்டம் சாரின் கை பட்டனிலிருந்து நகர்ந்தது. ரெஜினா மூச்சைப் பிடித்துக்கொண்டாள், இந்த முறை யாருக்காகவும் நடிக்காமல். அவர் கீபோர்டைப் பக்கத்தில் இழுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, இரண்டு விரலால் தட்டினார். மானிட்டரில் கம்பெனிப் பேர் போயிற்று, விருதின் பேர் போயிற்று, கீழே அந்தப் பட்டை கொஞ்ச நேரம் வெறும் நீலமாகக் கிடந்தது. பிறகு மூன்று எண்கள் மட்டும், அவளே எதிர்பார்க்காத அளவுக்குப் பெரிதாக, அவள் முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டு வந்து நின்றன. அவர் அதை ஓடவிடவில்லை, அப்படியே நிறுத்திவிட்டார். நிகழ்ச்சி முடிய இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. பாட்டு எதுவும் போட வேண்டாம் என்று ரெஜினா அவருக்குத் தலையசைத்துவிட்டு, கேமராவைப் பார்த்து மூன்றாவது முறையாக, நிதானமாக, ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல ஆரம்பித்தாள்.